இருபதுக்கு இருபது

திங்கட்கிழமை காலையில் அவள் முதலில் கழுவுவது கொழுப்பைத்தான். மஞ்சள் நிறத்தில், மேடும் பள்ளமுமாக, ஒரு சின்னத் தலையணை அளவில் இருக்கும் ரப்பர் கட்டி அது. ஐந்து கிலோ எடை. உடம்பில் ஐந்து கிலோ கொழுப்பு கூடுதலாகச் சேர்ந்தால் பார்க்க எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக ஆஸ்பத்திரி வாங்கி வைத்தது. வாரம் முழுக்கப் பல கைகள் தொட்டுத் தூக்கிப் பார்த்ததில் பிசுபிசுத்துக் கிடக்கும். அவள் அதை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கித் தொட்டியில் போட்டு, இடுக்குகளில் சோப்பு நுரையை விட்டுத் தேய்த்து, துண்டால் ஒற்றி எடுப்பாள். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருக்கிறதே என்று லிஃப்ட்காரர் ஒருநாள் கேலி செய்தார். எந்தக் குழந்தை இப்படி அழாமல் குளிக்கும் என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

கொழுப்புக்கு அப்புறம் ரப்பர் முட்டை, ரப்பர் மீன், ரொட்டித் துண்டு இரண்டு, கேரட், வெள்ளரிக்காய், ஆரஞ்சு, ஆப்பிள். ஆப்பிள் அசலைப் போலவே இருக்கும். காம்புகூட உண்டு. எல்லாவற்றையும் துடைத்து, நடுவில் கோடு போட்ட பெரிய தட்டில் பாதிக்குக் காயும் பழமும், கால் பங்குக்கு ரொட்டி, கால் பங்குக்கு முட்டையும் மீனும் என்று அடுக்கி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வருவாள். பதினொரு மணிக்கு உணவு ஆலோசகர் வரும்போது எல்லாம் தயாராக இருக்கும்.

நான்கு வருடமாக அந்த அறைக்கும் அதை ஒட்டிய வராந்தாவுக்கும் அவள்தான் துப்புரவு. நடுவில் இருப்பது ஒரு பிளைவுட் தடுப்பு. ஆலோசகர் உள்ளே நோயாளிக்குச் சொல்வதெல்லாம் வெளியே துடைப்பம் பிடித்திருப்பவளுக்கும் சேர்த்துத்தான் கேட்கும். ஒரு ஆளுக்கு நாளைக்கு எத்தனை கரண்டி எண்ணெய், நார்ச்சத்து வயிற்றில் போய் என்ன செய்கிறது, பழச்சாற்றைவிடப் பழம் ஏன் நல்லது, பாக்கெட்டின் முதுகில் பொடி எழுத்தில் எது முதலில் போட்டிருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வர வேண்டும், எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆலோசகர் எந்த இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடிப்பார் என்பதுவரை தெரியும்.

லிஃப்ட்காரருக்குச் சர்க்கரை வந்தபோது அவர் ஆலோசகரிடம் போகவில்லை, லிஃப்டைத் துடைக்க வந்த இவளிடம் கேட்டுக்கொண்டார். மூன்றாம் மாடி போய்ச் சேர்வதற்குள் அவருடைய காலைச் சாப்பாட்டை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்து வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் அவளை "புரொபசர்" என்றுதான் கூப்பிடுகிறார். அப்புறம் எல்லா மாடியிலும் அதுவே பெயராகிவிட்டது. கூப்பிட்டால் அவளுக்கும் உள்ளூரப் பிடிக்கும்.

புரொபசரின் மகளுக்கு ஏழு வயது. எடை முப்பத்தெட்டு கிலோ.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் எடை மெஷினில் ஏற்றி இறக்கி, சில பேருக்கு மட்டும் ஒரு சீட்டுக் கொடுத்து அனுப்பினார்கள். பெற்றோர் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அறை எண்ணை அவள் இரண்டு தடவை படித்தாள். தினமும் காலையில் தன் கையால் துடைக்கிற கதவு அது. சீட்டை நான்காக மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்து, இரண்டு வாரம் வெளியே எடுக்கவே இல்லை.

மகள் அப்படி ஆனது எப்படி என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. குட்டியின் அப்பா வேறு ஊரில் கட்டட வேலை பார்க்கிறார். பணம் வரும் மாதமும் உண்டு, போன் மட்டும் வரும் மாதமும் உண்டு. முன்பெல்லாம் பக்கத்து அறையில் இருந்த அக்கா மத்தியானத்தில் குட்டியைப் பார்த்துக்கொள்வாள். அவள் காலி செய்துகொண்டு போனபோது குட்டிக்கு ஐந்து வயது. பள்ளி விட்டுத் தெருப் பிள்ளைகளோடு மூன்று மணிக்கு வீடு வந்தால், அம்மா வேலை முடிந்து பஸ் பிடித்து வர எட்டு மணி. ஐந்து மணி நேரம் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தனியாக இருக்க வேண்டும். அடுப்பைத் தொடக் கூடாது. யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. ஜன்னலில் நிற்கக் கூடாது, தெருவில் லாரிகள் போகும், சாயங்காலமானால் எதிர்ச் சாராயக் கடையில் கூட்டம் சேரும். காலையில் சமைத்து வைத்ததைத் தகரக் கூரைச் சூடு மத்தியானத்துக்குள் ஊசிப்போக வைத்துவிடும். கெடாதது, தீ வேண்டாதது, ஒரு சின்னப் பிள்ளை தானே பிரித்துத் தின்னக்கூடியது என்று பார்த்தால் தெருக்கோடிக் கடையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

முதல் நாள் குட்டி அவள் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. கடிகாரம் பார்க்கத் தெரியாத வயது. அம்மா எப்போது வருவாள் என்பதுதான் அழுகை. அவள் பத்து பிஸ்கட் உள்ள பாக்கெட் ஒன்றைக் கையில் கொடுத்து, சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினாள். பெரிய முள் மேலே வரும்போது ஒன்று தின்ன வேண்டும், கீழே வரும்போது ஒன்று தின்ன வேண்டும். பாக்கெட் முடிந்தால் அம்மா வந்துவிடுவேன்.

பிள்ளை புரிந்துகொண்டது. கொஞ்சம் கூடுதலாகவே புரிந்துகொண்டது. மூன்றாம் நாள் ஐந்து மணிக்கே பாக்கெட்டை முடித்துவிட்டுக் கதவருகே உட்கார்ந்திருந்தது. அம்மா வரவில்லை என்றதும் பெட்டியில் இருந்த அடுத்த பாக்கெட்டையும் பிரித்தது. அது முடிந்தபோது அம்மா வந்தாள். இரண்டு பாக்கெட் தின்றால்தான் அம்மா வருவாள் என்று குட்டிக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. அப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது அவளுக்கு மணி பார்க்கத் தெரியும். ஆனாலும் பாக்கெட்டைத்தான் நம்பினாள்.

சீட்டு வந்த வாரம் புரொபசர் சும்மா இருக்கவில்லை. பிஸ்கட்டை நிறுத்தி, காலையில் வெள்ளரிக்காயைப் பத்துத் துண்டாக நறுக்கி டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போனாள். இரவு எட்டு மணிக்கு வந்து கூப்பிட்டால் பதில் இல்லை. தாழ் திறந்துதான் இருந்தது, ஆனால் கதவைத் தள்ள முடியவில்லை. உள்ளே ஏதோ கனமாக அடைத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கையை நுழைத்தபோதுதான் தெரிந்தது, குட்டி கதவில் சாய்ந்தபடி தூங்கிப்போயிருக்கிறாள். பத்துத் துண்டையும் மூன்றரை மணிக்குள் தின்று முடித்துவிட்டு, தாழை நீக்கி வைத்துக்கொண்டு, அப்போதிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் பெட்டிக்குள் பாக்கெட் திரும்ப வந்துவிட்டது.

கடைசியில் ஒருநாள் சூபர்வைசரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, சீருடையைக் கழற்றிப் பையில் திணித்துவிட்டு, குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். ஆலோசகர் முதலில் அடையாளம் தெரியாமல் உட்காரச் சொன்னார். பிறகு நிமிர்ந்து பார்த்து, அட நீங்களா என்று சிரித்தார். நல்ல பெண். வயது முப்பதுகூட இருக்காது. குட்டியிடம் அன்பாகப் பேசினார். முன்பல் விழுந்த சந்தில் காற்றுப் போகப் போகக் குட்டி பதில் சொன்னதை ரசித்தார்.

அப்புறம் மேசைக்கடியிலிருந்து அந்த மஞ்சள் கட்டியை எடுத்து, தூக்கு பார்க்கலாம் என்று குட்டியிடம் கொடுத்தார். குட்டி அதை வாங்கி மடியில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். கனமாக இருக்கிறதா என்று ஆலோசகர் கேட்டார். குட்டி இல்லை என்று தலையாட்டினாள். உன் உடம்பில் இந்த மாதிரி மூன்று இருக்கிறது என்று ஆலோசகர் மெதுவாகச் சொன்னார். தாய் தரையைப் பார்த்தாள். மேசைக்காலின் ஓரத்தில் துடைக்காமல் விட்டுப்போன தூசி தெரிந்தது.

கிளம்பும்போதுதான் ஆலோசகர் புதுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் ஹாலைத் திறக்கப் போகிறார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேராக அங்கே வரலாம். மூன்றரையிலிருந்து ஏழு மணிவரை ஓட்டம், பந்து, பாட்டு. நடுவில் பழம், சுடச்சுட ஒரு வேளைச் சாப்பாடு. பார்த்துக்கொள்ள இரண்டு ஆசிரியைகள். எல்லாம் இலவசம். பதினைந்து பிள்ளைகளுக்குத்தான் இடம். சனிக்கிழமை பெற்றோர் வந்து உணவைப் பற்றி ஒரு கேள்வித்தாள் எழுதித் தர வேண்டும். அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

அவளுக்கு மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை. ஏழு மணி என்பது மட்டும் ஏறியது. அவளுக்கு வேலை முடிவதும் ஏழு மணிக்குத்தான். பள்ளியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு. ஒருமுறை குட்டியைக் கூட்டிவந்து துடைப்பம் வைக்கும் அறையில் உட்காரவைத்து, சூபர்வைசர் கண்ணில் பட்டு, அரைநாள் சம்பளம் போனது. இனி அப்படி ஒளிக்க வேண்டாம். அவள் முன்பக்கம் தரை துடைத்துக்கொண்டிருப்பாள், குட்டி பின்பக்கம் பந்து விளையாடிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார்கள்.

வழியிலேயே குட்டியிடம் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது, மனசு கேட்கவில்லை.

குட்டி யோசித்துவிட்டுக் கேட்டாள். "அங்க பாக்கெட் இருக்குமா?"

"பாக்கெட் இருக்காது. ஆளுங்க இருப்பாங்க."

"எட்டு மணி வரைக்குமா?"

"ஏழு வரைக்கும். அப்புறம் நான்தான் வந்துடுவேனே."

கேள்வித்தாள் என்ற வார்த்தையைக் கேட்டு அவள் பயப்படவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, தனக்குத் தெரிந்த பாடத்தில் பரீட்சை வருகிறது. இருந்தாலும் அந்த வாரம் தடுப்புக்குப் பக்கத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தாள். பாக்கெட் முதுகுகளை எழுத்துக்கூட்டிப் படித்தாள். லிஃப்ட்காரர் மூன்று மாடிக்கும் கேள்வி கேட்டுப் பார்த்தார், ஒன்றுகூடத் தப்பவில்லை. மெடல் வாங்கிட்டுத்தான் வரணும் புரொபசர் என்றார்.

சனிக்கிழமை வராந்தாவில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அவள் துடைத்த தரையில் அவள் போட்ட நாற்காலிகள். பிள்ளைகளை எல்லாம் ஆலோசகரின் அறையில் விட்டுக் கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே ஒரே சத்தம். ஆலோசகரின் உதவியாளர் ஆளுக்கு ஒரு டோக்கனும் ஒரு தாளும் கொடுத்தார். முதல் பக்கத்தில் குடும்ப வருமானம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப வேண்டாம், நேராகக் கேள்விக்குப் போகலாம் என்று உதவியாளர் சொன்னார். இருபது கேள்வி.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் தெருக்கோடிக் கடையின் கடைக்காரம்மா வந்து உட்கார்ந்தாள். அவள் மகனுக்கும் சீட்டு வந்திருந்தது. கடையும் வீடும் சொந்தம், வீட்டில் மாமியார், நாத்தனார் என்று எந்நேரமும் ஆள் உண்டு. பையன் பள்ளி விட்டு வந்தால் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைக்கு எட்டியதை எல்லாம் பிரித்துத் தின்பான். நல்ல மனசுக்காரி. குட்டிக்குப் பாக்கெட் வாங்கப் போகும்போதெல்லாம் ஒரு மிட்டாயைச் சும்மா கையில் வைத்து அனுப்புவாள்.

கடைக்காரம்மா மூன்றாவது கேள்வியிலேயே திணறிப்போனாள். குனிந்து கிசுகிசுத்தாள். "நார்ச்சத்துன்னா என்னக்கா? கயிறு நாரா?"

அவளுக்கு ஒரு நிமிஷம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. பதினைந்து இடம், நாற்பது பேர். எதுவும் கேட்காதவள்போல முழங்கையை மடக்கித் தாளை மறைத்துக்கொண்டாள். கடைக்காரம்மா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பேனாவைக் கடித்தபடி கடையில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்தி, எலும்புக்கு எது நல்லது, மூளைக்கு எது நல்லது என்று அதில் போட்டிருப்பதை எல்லாம் எழுதிவைத்தாள்.

பதினேழாவது கேள்வி: பிள்ளை அழும்போதோ, தனியாக இருக்கும்போதோ சமாதானப்படுத்த உணவு கொடுக்கலாமா? அவள் பேனா அங்கே கொஞ்ச நேரம் நின்றது. காதுக்குள் ஆலோசகரின் குரல் கேட்டது. கூடாது என்பதற்கு நேராகக் கோடு போட்டாள். ஏன் என்று கேட்டிருந்தது. பசிக்காகச் சாப்பிடாமல் மனசுக்காகச் சாப்பிடும் பழக்கம் வந்துவிடும் என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. மத்தியானத்தில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று எந்தக் கேள்வியிலும் இல்லை. எல்லாருக்கும் முன்னால் எழுந்துபோய்த் தாளைக் கொடுத்தாள்.

அறைக் கதவைத் திறந்தபோது மற்றப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டிருந்தார்கள். குட்டி மட்டும் மேசைக்கு அந்தப் பக்கம் தனியாக நின்றிருந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். படி இறங்கும்போது குட்டி சொன்னாள்.

"அந்த ஆப்பிள்ல வாசனையே இல்லம்மா."

"அது ரப்பர்டி. ரப்பர்ல எங்க வாசனை வரும்?"

அன்று மாலையே உதவியாளர் மேசைமேலும் அடியிலும் இருந்ததை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு ஹாலுக்கு அனுப்பிவிட்டார். அறைக்குப் புதிதாக ஒரு செட் வரப்போகிறதாம். திங்கட்கிழமை அவளுக்குக் கழுவ எதுவும் இல்லை.

பத்து நாள் போனது. கடன்பட்டு அல்ல, வாரச் செலவில் இழுத்துப் பிடித்து, குட்டிக்கு ஒரு ஜோடி ஓட்ட ஷூ வாங்கினாள். குட்டி அதை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு சுவரிலிருந்து சுவருக்கு ஓடினாள். நான்கு அடி வைத்தால் மறு சுவர். இப்போது கடிகாரத்தை அவள் அவ்வளவாகப் பார்ப்பதில்லை என்று தாய்க்குத் தோன்றியது. ஒருநாள் பாக்கெட்டில் மூன்று பிஸ்கட் மிச்சம் இருந்தது. அந்த மூன்றையும் பார்த்துவிட்டுத் தாய் ரொம்ப நேரம் சந்தோஷமாக இருந்தாள்.

பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு உதவியாளர் கொடுத்தது அவளிடம்தான். பேர் இல்லை, டோக்கன் எண்கள் மட்டும். நாற்காலியில் ஏறி, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி, இறங்கி நின்று மேலிருந்து கீழாகப் பார்த்தாள். அவளுடைய எண் முப்பத்தொன்று. இல்லை. கீழிருந்து மேலாகப் பார்த்தாள். முப்பத்திரண்டு இருந்தது, முதல் வரிசையிலேயே இருந்தது. அது கடைக்காரம்மாவுடையது.

எங்கோ எழுதும்போது தவறியிருக்கிறது என்றுதான் நினைத்தாள். வாளியை அப்படியே வைத்துவிட்டு ஆலோசகரிடம் போனாள். அவளைப் பார்த்ததுமே ஆலோசகர் முகம் மலர்ந்தார்.

"வாங்க, வாங்க. நீங்க எவ்வளவு மார்க் தெரியுமா? இருபதுக்கு இருபது. நாற்பத்திமூணு பேர்ல நீங்க ஒருத்தர்தான்."

"அப்ப ஏன் மேடம் எடம் கெடைக்கல?"

ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். திட்டமே, சாப்பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாத குடும்பங்களுக்குத்தான். யாருக்கு ரொம்பக் குறைவான மார்க்கோ அவர்களுக்கு முதல் இடம். பிள்ளையோடு சேர்த்துப் பெற்றோருக்கும் வாராவாரம் வகுப்பு உண்டு. பதினைந்தாவது ஆளுக்கே எட்டு மார்க்குதான்.

"உங்களுக்கு நான் புதுசா என்ன சொல்லித் தரப்போறேன்? எல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கீங்க. வீட்டுல அதை அப்படியே செய்யணும், அவ்வளவுதான். மனசு வைங்க."

தாழ், தகரக் கூரை, லாரிச் சத்தம், பெரிய முள், சின்ன முள் எல்லாம் அவளுக்குத் தொண்டைவரை வந்தது. ஆனால் கடிகாரத்தைச் சொன்னால் பாக்கெட்டைச் சொல்ல வேண்டும். பாக்கெட்டைச் சொன்னால், கூடாது என்று எழுதிவிட்டு அதையே இரண்டு வருடமாகச் செய்கிறவள் என்று சொன்ன மாதிரி ஆகும். மேசைமேல் குட்டியின் ஃபைல் திறந்து கிடந்தது. தலைகீழாக இருந்தாலும் அவளால் படிக்க முடிந்தது. தாயின் அறிவு: முழுமை. அதற்குக் கீழே, வீட்டில் அக்கறை: போதாது.

அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னொரு பேப்பர் இருந்தா குடுங்க மேடம். தப்பா எழுதித் தர்றேன்."

ஆலோசகர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல ஜோக் என்று நினைத்துவிட்டார். சிரித்து முடித்துவிட்டு, அவளுடைய விடைத்தாளைப் பெரிதாக நகல் எடுத்து ஹாலில் ஒட்டிக்கொள்ளலாமா, மற்றப் பெற்றோர் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று கேட்டார். அவள் சரி என்று தலையாட்டினாள். வெளியே வந்தபோது வாளியில் நுரை அடங்கிப்போயிருந்தது.

அன்றைக்கு லிஃப்டில் போகவில்லை. மூன்று மாடியும் படியிலேயே ஏறி இறங்கினாள்.

வீட்டில் குட்டி ஷூவைக் கழற்றாமலே காத்திருந்தாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்துவைத்த எதுவும் நேரத்துக்கு வரவில்லை. இடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னாள். குட்டி அழவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நல்லாதானே தூக்கினேன்? கீழ போடவே இல்லையே."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்த மஞ்சள் கட்டியைத் தூக்கியதுதான் பரீட்சை என்று பிள்ளை இத்தனை நாளும் நினைத்திருக்கிறது.

"நீ நல்லாதான் தூக்கின. தப்பு உன் மேல இல்ல. நான் எழுதினதுலதான்."

"தப்பாவா எழுதின?"

"இல்ல" என்றாள். குட்டி ஷூவைக் கழற்றி, இரண்டையும் சேர்த்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, நாளைக்குப் பாக்கெட் வாங்க வேண்டும், ஒன்றுதான் இருக்கிறது என்றாள்.

கடையில் கடைக்காரம்மா வழக்கம்போல மிட்டாயை எடுத்து நீட்டினாள். ஆறு மார்க் வாங்கி இடம் கிடைத்ததை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பையனுக்கு அங்கே போகவே இஷ்டமில்லையாம், பழம் என்றால் ஓடுகிறானாம். உன் மகளும் வந்தால் இவனுக்குத் துணையாக இருந்திருக்குமே என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள். அவள் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஹால் திறக்கும் நாளில் அதைக் கழுவித் துடைக்கும் வேலை அவளுக்கு விழுந்தது. ஒட்டடை அடித்து, தரையை இரண்டு தண்ணீர் விட்டு அலசி, பதினைந்து சின்ன நாற்காலிகளை வட்டமாகப் போட்டாள். சுவரில் அவளுடைய விடைத்தாள் நான்கு மடங்கு பெரிதாகத் தொங்கியது. பதினேழாவது விடை வாசலில் நின்றாலே படிக்கத் தெரிந்தது. உதவியாளர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, சீக்கிரம் எல்லாவற்றையும் அடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வாளியில் சோப்பைக் கரைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் கொழுப்பு, அப்புறம் முட்டை, மீன், ரொட்டி. ஆப்பிளை எடுத்துத் தேய்க்கும்போது விரலில் என்னவோ தட்டுப்பட்டது. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. நுரையை வழித்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

பல் பதிந்த தடம். கீழ் வரிசையில் நான்கு பல் அழுத்தமாக இறங்கியிருந்தது. மேல் வரிசையில் இரண்டு பக்கமும் தடம் இருந்தது, நடுவில் ஒரு பல் விழுந்த இடம் மட்டும் வழவழவென்று அப்படியே இருந்தது. ஒரு தடவை கடித்துப் பார்த்துவிட்டு விட்ட கடி அல்ல. பக்கத்திலேயே இன்னொரு தடமும் இருந்தது.

சோப்பைப் போட்டு மறுபடியும் தேய்த்தாள். கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். ரப்பரில் விழுந்த பள்ளம் நிரம்பவில்லை. வெளியே பள்ளி விட்டு வருகிற பிள்ளைகளின் சத்தம் கேட்டது. கடைக்காரம்மா மகனை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஆலோசகர் எல்லாரையும் உள்ளே வரச் சொல்லி, தட்டு ரெடியா என்று அவளிடம் கேட்டார்.

ரெடி என்றாள். கோடு போட்ட தட்டில் பாதிக்குக் காயும் பழமும் வைத்தாள். ஆப்பிளைத் துண்டால் ஒற்றி, தடம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி திருப்பி வைத்தாள். வாளியைத் தூக்கிக்கொண்டு நிமிர்ந்தபோது எதிர்ச் சுவரில் புதிதாக மாட்டியிருந்த கடிகாரம் கண்ணில் பட்டது. பெரிய முள் கீழே வந்திருந்தது.